அம்மம்மாவின் வளவும் நடுச்சாமத்துப் போன் கோலும்

சுவிஸில் பிறந்து வளர்ந்த ஒரு தங்கச்சி, அம்மாவின் ஊருக்கு முதல் தடவையாக வந்து ஒரு மாதம் நின்றிருக்கிறார். ஊர் மட்டக்களப்பில், கொக்கட்டிச்சோலைப் பக்கம். அவர் கேட்டதைச் சுருக்கினால் இதுதான்: "அம்மா சொன்ன ஊரை நான் காணவில்லை. மா இடிக்கிற சத்தம் இல்லை, கிணற்றடியில் ஆட்கள் இல்லை, பின்னேரம் முற்றத்தில் ஒருவரும் கூடுவதில்லை. சின்னப் பிள்ளையிலிருந்து கிழவிகள் வரைக்கும் கையில் போன். இந்தப் போன்தான் எங்கட குடும்பங்களைக் கெடுத்ததா? அம்மம்மாவுக்கு ஒரு நல்ல போன் வாங்கிக் கொடுக்க நினைத்தேன். இப்போது யோசனையாக இருக்கிறது."

போன் வாங்குவதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன். கெடுத்ததா என்று கேட்டால், இல்லை என்பதுதான் என் பதில். நான் 26 வருடம் மகளிர் அபிவிருத்தி உத்தியோகத்தராக வேலை செய்தவள். வாவிக்குக் கிழக்கே எழுவான்கரையில் இருந்தேன், மேற்கே படுவான்கரையில் இருந்தேன், கொஞ்சக் காலம் அம்பாறைக் கரையோரத்திலும் இருந்தேன். ஒரு நாளைக்கு ஐந்தாறு வீடு ஏறி இறங்குகிற வேலை. அந்த வீடுகளில் போன் வருவதற்கு முன்பே ஆட்கள் போய்விட்டிருந்தார்கள். போனவர்களில் பெரும்பாலானோர் அம்மாமார். அவர்கள் விட்டுப்போன இடத்தைத் தாங்கிப் பிடித்தவர் அம்மம்மா. போன் வந்து சேர்ந்தது அவருடைய கைக்குத்தான்.

இது விளங்க வேண்டுமென்றால் எங்கள் பக்கத்து வளவைப் பற்றி, அதாவது வீடும் முற்றமுமாக வேலி அடைத்த காணியைப் பற்றி, ஒள்ளுப்பம் சொல்ல வேண்டும்.

எங்களிடம் கலியாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். தாய் தகப்பன் தாங்கள் இருந்த வீட்டை மூத்த மகளுக்குச் சீதனமாகக் கொடுத்துவிட்டு, அதே வளவில் ஒரு சின்ன வீட்டைப் போட்டுக்கொண்டு மற்றப் பிள்ளைகளோடு அதற்குள் போவார்கள். இரண்டாவது மகளுக்குக் காலம் வந்தால் அந்த வீடு அவளுக்கு. மறுகா இன்னொன்று. கையில் காசு இருந்தால் பக்கத்து வளவையும் வாங்கிச் சேர்ப்பார்கள். இப்படி இருபது முப்பது வருடத்தில் ஒரு வேலிக்குள் மூன்று நாலு வீடு வந்துவிடும். எல்லாம் அக்கா தங்கச்சிமார், நடுவில் அம்மம்மா. வீட்டு ஆண்கள்தான் வெளியிலிருந்து வந்தவர்கள். பெரியம்மாவின் பிள்ளையும் சின்னம்மாவின் பிள்ளையும் கூடப்பிறந்தவர்கள் மாதிரி. எந்தப் பிள்ளை எந்த அடுப்படியில் சாப்பிட்டது என்று ஒருவரும் கணக்குப் பார்ப்பதில்லை.

குடியும், அதாவது குலமும், தாய்வழிதான். தாய் என்ன குடியோ பிள்ளையும் அந்தக் குடி. கோவில் உரிமைகள் அந்த வழியாகத்தான் வந்தன. காத்தான்குடி, அக்கரைப்பற்று, சம்மாந்துறை முஸ்லிம் குடும்பங்களிலும் குடி தாய்வழி, வீடு மகளுக்கு; பள்ளிவாசலை நிர்வகிக்கிற மரைக்காயர்களையும் குடி பார்த்துத்தான் எடுத்தார்கள். முன்னர் இதற்கு, இங்குள்ள முக்குவர் சமூகத்தின் பெயரில், முக்குவர் சட்டம் என்று ஒரு சட்டமே இருந்தது. 1876 இல் வந்த திருமண உரிமை, மரபுரிமைக் கட்டளைச் சட்டத்துக்குப் பிறகு அது நீதிமன்றங்களில் வழக்கொழிந்து போனது. ஆனால் வளவுக்குள் ஒருவரும் அதைக் கைவிடவில்லை. சட்டம் போய் 100 வருடம் கடந்த பிறகும் என்னிடம் வந்த தாய்மார் "மூணு குமர் இருக்கு மிஸ், மூணு வீடு கட்டணும்" என்றுதான் பேச்சைத் தொடங்குவார்கள். குமர் என்றால் கலியாணமாகாத மகள். அந்த மூன்று வீட்டுக் கணக்கை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் பெண்கள் வெளிநாடு போனதற்குப் பெரிய காரணம் அதுதான்.

நீங்கள் தேடிய சத்தங்களுக்கு வருவோம். மா இடிப்பது தனி ஆளின் வேலை கிடையாது. ஒரு உரல், இரண்டு உலக்கை, எதிரும் புதிருமாக இரண்டு பேர், பக்கத்தில் அரிக்க ஒருத்தி, வறுக்க ஒருத்தி. ஊர்ச் சேதி முழுக்க அங்கேதான் பரிமாறப்படும். யாருக்கு வயிற்றில் பிள்ளை, யாருடைய மனுசன் கை நீட்டுகிறான், எந்தக் குமருக்கு எங்கே பேசுகிறார்கள், எல்லாம். ஒரு பெண்ணின் முகத்தில் காயம் இருந்தால் அடுத்த நாள் உரலடியில் தெரிந்துவிடும். அவளுடைய தாய்க்கும் பெரியம்மாவுக்கும் முன்னால் அந்த மருமகன் பதில் சொல்லியாக வேண்டும். பெண் தன் தாயின் வளவிலேயே இருப்பதில் எவ்வளவு பெரிய காவல் இருந்தது என்று பிற்காலத்தில் எத்தனையோ முறைப்பாடுகளை எழுதும்போது நினைத்திருக்கிறேன்.

ஆனாலும் உலக்கையைப் பற்றி நான் ஏங்க மாட்டேன். என் அம்மாவின் வலது உள்ளங்கையில், மோதிர விரலுக்குக் கீழே, காய்த்துப்போன தடிப்பு ஒன்று இருந்தது. தலை வாரிவிட்டுத் தடவும்போது அது என் முடியில் சிக்கும். ஏழு மாதத்து வயிற்றோடும் அவர் இடித்தவர். சந்தியில் மா மில் வந்த அன்று, ஒரு வாளி அரிசி கால் மணித்தியாலத்தில் மாவாகித் திரும்பி வந்ததைப் பார்த்து அம்மா ஒன்றும் பேசவில்லை. உலக்கை இரண்டையும் கழுவிக் கூரை வளையில் செருகி வைத்தார். அதற்குப் பிறகு கலியாணச் சடங்குக்குத்தான் அவை கீழே இறங்கின. மில், காஸ் அடுப்பு, தண்ணீர்க் குழாய், ரைஸ் குக்கர், இவை வந்ததில் எனக்கு முழுச் சந்தோசம். உரலடிப் பேச்சு மட்டும் வேறு இடம் கிடைக்காமல் போய்விட்டது.

வயலில் நடந்தது வேறு மாதிரி. முன்னர் பெரும்போக அறுவடைக்கு வட்டையில், அதாவது வயல்வெளியில், ஆட்கள் நிறைந்திருப்பார்கள். தாக்கத்தியால் வெட்டி, உப்பட்டி கட்டி, சூடு வைத்து, களவெட்டியில் மாட்டை விட்டு மிதிப்பித்து, பொலி தூற்றி முடிய நாட்கணக்காகும். இரவிரவாகப் பொலிப் பாட்டு கேட்கும். மாடு போய் உழவு இயந்திரம் வந்தது; அப்போதும் ஆட்களுக்கு வேலை இருந்தது. பிறகு வெட்டு மெசின் வந்தது. அது ஒரு ஏக்கரை ஒரு மணித்தியாலம் அளவில் வெட்டி, அடித்து, நெல்லை மூட்டைக்குத் தந்துவிட்டு அடுத்த வயலுக்குப் போய்விடும். வயற்காரருக்கு அது பெரிய உதவி. மழைக்கு முன் நெல் வீட்டுக்கு வரும். ஆனால் வெட்டுக் கூலியிலும், அறுத்த வயலில் கதிர் பொறுக்கியும் மூன்று மாதச் சோற்றுக்கு நெல் சேர்த்த பெண்கள் எத்தனையோ பேர். வெளிநாட்டுக்குப் போகப் படிவம் நிரப்ப வந்தவர்களிடம் "ஏன் போறீங்க?" என்று கேட்டால், "வட்டையில வேல இல்ல மிஸ்" என்று சொன்னவர்கள் அவர்களில் நிறையப் பேர். எங்கள் பக்கத்தில் ஒரு இயந்திரம் குடும்பத்தை அசைத்தது என்றால் முதலில் வெட்டு மெசினைத்தான் சொல்லுவேன். போனைப் பற்றிப் பேசுகிற யாரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை.

யுத்தத்தைச் சொல்லாமல் இதைச் சொல்ல முடியாது. ஆனால் அது தனிக் கதை, இங்கே அளவோடு நிறுத்துகிறேன். படுவான்கரையில் ஒரு தலைமுறை குப்பி விளக்கில் படித்தது. வாவியைக் கடப்பதென்றால் பாதையில் ஏற வேண்டும் (உங்களுக்குப் பாதை என்றால் ரோட்டு, எங்களுக்கு அது வாகனத்தையும் ஆட்களையும் ஏற்றி அக்கரை சேர்க்கிற மிதவை), இறங்கினால் சோதனைச் சாவடி. ஆண்கள் இல்லாமல் போன வீடுகள் வரிசையாக இருந்தன. கிழக்கில் யுத்தம் 2007 இல் ஓய்ந்தது. அதற்குப் பிறகுதான் கரண்ட், போன் கோபுரம், தார் ரோட்டு, லீசிங்கில் மோட்டார் சைக்கிள் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. 2014 இல் மண்முனைப் பாலம் திறந்தார்கள்; பாதைக்குக் காத்து நின்ற துறையை இப்போது சில நிமிடத்தில் கடந்துவிடலாம். அரச தொலைக்காட்சியான ரூபவாஹினி தொடங்கியது 1982 இல். கல்லடியிலோ கல்முனையிலோ இருந்தவர்கள் ரேடியோ, டிவி, டெக், கொமினிகேசன் (காசு கொடுத்துக் கோல் பேசுகிற கடை), கைத்தொலைபேசி என்று ஒவ்வொன்றாகப் பழகினார்கள். படுவான்கரையின் உட்கிராமங்களில் பல வீடுகளுக்கு இதெல்லாம் ஏழெட்டு வருடத்துக்குள் மொத்தமாக வந்து சேர்ந்தன. நீங்கள் கண்ட ஆச்சரியத்தில் பாதி இந்த வேகத்தினால் வந்தது.

அதற்கு முன்பே வளவை உடைத்த இன்னொன்று உண்டு. 2004 டிசம்பர் 26, சுனாமி. நாவலடியிலிருந்து கல்லடி, கல்முனை, மருதமுனை, சாய்ந்தமருது, காரைதீவு, திருக்கோவில் வரைக்கும் கரையோரம் அழிந்தது. இலங்கையிலேயே அதிக உயிர் போனது அம்பாறை மாவட்டத்தில். மிஞ்சியவர்களுக்கு உள்ளே தள்ளி வீட்டுத் திட்டங்கள் கட்டினார்கள். நாவலடிச் சனங்கள் பலர் திராய்மடுவுக்குப் போனார்கள். கல்வீடு, நல்ல கூரை. ஆனால் ஒரு துண்டுக் காணியில் ஒரு வீடு; அடுத்த மகளுக்கு ஒரு அறை இறக்கக்கூட இடமில்லை. அக்கா ஒரு வரிசையில், தங்கச்சி மூன்று வரிசைக்கு அப்பால், அம்மா வேறு திட்டத்தில். காணி உறுதி எழுதும்போது குடும்பத் தலைவர் என்ற இடத்தில் பல வீடுகளுக்கு ஆணின் பெயர் வந்தது. தாய் தந்த வீட்டைக் கடல் கொண்டுபோன பெண்ணுக்கு, மாற்றாக வந்த வீடு புருசனின் பெயரில். அந்த உறுதிகளைப் பற்றி அப்போது கூட்டங்களில் நாங்கள் கத்தாத கத்தல் இல்லை. அரச காணி அனுமதிப்பத்திரத்தில் வாரிசாக மூத்த ஆணை முன்னுக்கு வைக்கும் வழக்கம் 2022 திருத்தச் சட்டத்தில்தான் மாறியது. வளவு போனால் அம்மம்மாவின் காவலும் போகும் என்பதை, வீட்டை அளந்தவர்கள் அளக்கவில்லை.

இனி வெளிநாடு. மத்திய கிழக்குக்கு எங்கள் பெண்கள் போகத் தொடங்கிய காலத்தில் தொடர்பு என்பது கடிதம்தான். எழுதத் தெரியாதவர்கள் கெசட்டில் (ஒலிநாடாவில்) பேசி, ஊருக்கு வருகிற யாராவது ஒருவரிடம் கொடுத்துவிடுவார்கள். ஒரு வீட்டில் நான் கேட்ட கெசட்டில் ஒரு தாய், நாலு பிள்ளைகளையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, ஒவ்வொரு பெயருக்குப் பிறகும் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள், பிள்ளை "ஓம் அம்மா" என்று சொல்லட்டும் என்று. பிள்ளைகளும் சொன்னார்கள். அந்த இடைவெளிக்குள் சரியாகச் சொன்னார்கள், பல தடவை போட்டுப் பழகியதால். அதன் பிறகு கொமினிகேசன் காலம். இந்தத் திகதி, இத்தனை மணி என்று கடிதத்தில் எழுதி அனுப்புவாள், இவர்கள் முழுக் குடும்பமாகப் போய்க் கடை வாசலில் குந்தியிருப்பார்கள். பிறகு கைத்தொலைபேசி, மிஸ்கோல். பிறகு இமோ என்கிற வீடியோ கோல் செயலி. வளைகுடாவில் சில நாடுகளில் வட்ஸ்அப் கோல் எடுக்க முடியாததாலும், சிக்னல் குறைவான இடத்திலும் படம் தெரிவதாலும் இமோ எங்கள் ஊர்களில் அப்படிப் பரவியது. அம்மாவின் முகத்தைப் பிள்ளை முதல் தடவை திரையில் கண்டது அதில்தான்.

ஒரு பாடசாலையில் ஒரு நாள் ஆசிரியர் ஒருவர் முறையிட்டார். ஏழாம் ஆண்டுப் பையன் ஒருவன் முதல் பாடத்திலேயே மேசையில் படுத்துவிடுகிறான், இரவிரவாகப் போன் பார்க்கிறான், வீட்டுக்குச் சொல்லிப் போனைப் பறிக்க வேண்டும். நான் அந்த வீட்டுக்குப் போனேன். தாய் குவைத்தில், நாலு வருடம். தகப்பன் வேறு குடும்பம். அம்மம்மாவும் பையனும் தங்கச்சியும். சுவரில் சார்ஜர் மாட்டியிருந்த ஆணிக்குக் கீழே ஒரு பாய் விரித்திருந்தது. போன் வயர் எட்டுகிற தூரத்துக்கு அந்தப் பாய். குவைத் எங்களைவிட இரண்டரை மணித்தியாலம் பின்னால். அங்கே எஜமான் வீட்டில் கடைசிக் கோப்பையும் கழுவி முடிய இரவு 11 மணி; இங்கே ஒன்றரை. பையன் அதுவரைக்கும் முழித்திருக்கிறான். தங்கச்சி தூங்கிவிடுவாள், கோல் வந்ததும் அவன்தான் தட்டி எழுப்பி, அவள் முகத்தைத் திரைக்கு நேரே பிடிக்க வேண்டும். பேசுவது பத்து நிமிடம். சில இரவு கோல் வராது. வராத இரவுகளில் அவன் விடியும்வரைக்கும் யூடியூப் பார்ப்பான். "அத விட்டுட்டுப் படு மனே எண்டா, அம்மா எடுத்தா யார் எழும்புவா எண்டு கேக்கான்" என்றார் அந்த அம்மம்மா.

அதனால்தான் போனைப் பறியுங்கள் என்று சொல்பவர்களோடு எனக்கு ஒத்துப்போவதில்லை. அந்த வீட்டில் அது விளையாட்டுச் சாமான், அது கெட்ட படம் வருகிற துவாரம், எல்லாம் சரி. அதே சாமான்தான் அம்மா வருகிற படலையும், வேலிக் கதவும். படலையை எப்படிப் பறிப்பது? தாயோடு பேசி, வேலைக்கு நடுவில் மத்தியானத்துக்குப் பின் பத்து நிமிடம் எடுக்க முடியுமா என்று கேட்டோம். எஜமானி விடவில்லை. வெள்ளிக்கிழமை மட்டும் முடிந்தது. கிழமையில் மற்ற ஆறு நாளும் குரல் பதிவு அனுப்பச் சொன்னோம், அவன் காலையில் எழும்பிக் கேட்பதற்கு. இரண்டு மாதத்தில் பையன் வகுப்பில் முழித்திருக்கத் தொடங்கினான். அப்போது எனக்கு அந்தப் பழைய கெசட்தான் நினைவுக்கு வந்தது.

2013 இல் ஒரு சுற்றறிக்கை வந்தது. 5 வயதுக்குக் குறைந்த பிள்ளை உள்ள தாய் வீட்டுப் பணிப்பெண்ணாகப் போக முடியாது. போகிறவர்களுக்குக் குடும்பப் பின்னணி அறிக்கை வேண்டும். 2022 இல் பொருளாதார நெருக்கடிக்குள் அந்த வயதை 2 ஆக இறக்கினார்கள். அந்த ஒரு வருடத்தில் மட்டும் நாட்டை விட்டு வேலைக்குப் போனவர்கள் 3 லட்சத்துக்கும் மேல். அந்த அறிக்கையில் பிள்ளையைப் பராமரிக்கப்போகிறவரின் சம்மதம் கேட்பார்கள். எங்கள் பக்கத்தில் அது பெரும்பாலும் அம்மம்மா. ஒரு அம்மம்மாவின் பெருவிரலை மையில் ஒற்றி ஒற்றி வைத்தும் ரேகை விழவில்லை, அந்த அளவுக்கு வேலை செய்து தேய்ந்த விரல். நாலாவது தடவைதான் ஏதோ தெரிந்தது. விதி பிள்ளைக்காகப் போட்டதுதான், நோக்கத்தில் குற்றமில்லை. ஆனால் அது தாயை மட்டுமே பார்த்தது. தகப்பன் இருக்கிறானா, குடிக்கிறானா, வளவில் வேறு யார் இருக்கிறார்கள், அம்மம்மாவுக்கு என்ன வயது, என்ன வருத்தம் என்று அது ஆழமாகக் கேட்கவில்லை. கள்ள வழியில், விசிட் விசாவில் போனவர்கள்தான் கூடினார்கள். அவர்களுக்கு ஏதும் நடந்தால் கேட்க நாதியில்லை.

கடனைப் பற்றி அதிகம் நீட்டவில்லை. கிழமைக் கடன் கொடுக்கிறவர்கள் வீட்டு வாசலுக்கே வந்தார்கள், ஃபிரிஜ்ஜும் ஸ்மார்ட்போனும் தவணைக்கு வந்தன, அதை அடைக்கப் பெண்கள் விமானம் ஏறினார்கள். அவ்வளவுதான் கதை. எத்தனையோ வீட்டில் அதே கதை.

இன்னொன்றை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். போனினால் வந்த சேதமும் உண்டு. அம்மம்மாவுக்கு எழுத்து வாசிக்கத் தெரியாது. செயலிகளை நிறத்தை வைத்துத்தான் அடையாளம் பிடிப்பார். பூட்டைத் திறக்கப் பேரப்பிள்ளைக்குத்தான் தெரியும். வங்கியிலிருந்து காசு விழுந்த குறுஞ்செய்தியை முதலில் வாசிப்பது 13 வயதுப் பிள்ளை. எவ்வளவு வந்தது என்று அம்மம்மாவுக்குச் சொல்வதா வேண்டாமா என்று தீர்மானிப்பதும் அந்தப் பிள்ளை. முன்னர் வளவில் அறிவு மேலிருந்து கீழே இறங்கியது. இப்போது வீட்டின் திறப்பு சின்னவன் கையில். கண்டிக்கிற இடத்தில் இருக்க வேண்டியவர், "ஒருக்கா அம்மாவுக்குக் கோல் எடுத்துத் தா மனே" என்று கெஞ்சுகிற இடத்துக்கு வந்துவிட்டார். பிள்ளைகளின் குணத்தில் கண்ட மாற்றங்களுக்கெல்லாம் எனக்குத் தெரிந்த ஒரு பெரிய காரணம் இது.

குமர்ப் பிள்ளைகள் விஷயத்தில் இது இன்னும் பாரதூரம். கலியாண வயது 1995 இலிருந்து 18. முஸ்லிம்களுக்குத் தனிச் சட்டம் இருப்பதால் அந்தக் கணக்கு வேறு. ஆனால் 15, 16 இல் போனில் பழகிக் கிளம்பிப் போன பிள்ளைகளைக் கூட்டி வந்திருக்கிறோம். தாய் வெளிநாட்டில் இருந்து திட்டுவாள், அம்மம்மா நெஞ்சில் அடித்து அழுவார், மாமன்மார் போனைப் போட்டு உடைப்பார்கள். உடைத்த கிழமையே பிள்ளை மறுபடி போயிருக்கும். கேட்டுப் பார்த்தால், "சாப்பிட்டியா எண்டு ஒவ்வொரு நாளும் கேட்டது அவன்தான் மிஸ்" என்பாள். படத்தை எடுத்து வைத்துக்கொண்டு மிரட்டுகிறான் என்று வந்த பிள்ளைகளும் உண்டு. அப்படி ஒன்று உங்கள் உறவில் நடந்தால் பிள்ளையை அடிக்க விடாதீர்கள், அனுப்பியதை அழிக்கவும் விடாதீர்கள், அது சாட்சி. சிறுவர்களுக்கு 1929, பெண்களுக்கு 1938 என்று உதவி எண்கள் இருக்கின்றன. அங்கே தமிழிலேயே பேசலாம்.

2020 இல் கொரோனாவால் பாடசாலைகளை மூடியபோது இதே போன் வகுப்பறையானது. ஒரு வீட்டில் மூன்று பிள்ளை, ஒரு போன். சிக்னல் பிடிக்கக் குளக்கட்டில் ஏறி இருந்து பாடம் பார்த்த பிள்ளைகளைக் கண்டேன். ஒரு அம்மம்மா குடையோடு கூடவே போய் இருப்பார், யானை வரும் என்ற பயத்தில்.

சரி, நல்லதை ஒன்று சொல்லிவிடுகிறேன். படுவான்கரையில் ஒரு வீட்டில், பெரியபிள்ளையான மகளுக்குத் தண்ணி வார்க்கும் நாள். தாய் குவைத்தில். வாழைக்குத்தியடியில், நிறைகுடத்துக்குப் பக்கத்தில் ஒரு செம்பு, அந்தச் செம்பில் சாய்த்து வைத்த போன். திரையில் தாய், ஒரு குளியலறைக்குள் நின்று பார்க்கிறாள். பின்னால் வெள்ளை ஓடு தெரிகிறது. இங்கே பெண்கள் குரவை போட்டதும் அவளுக்கும் வந்துவிட்டது. துவாயை வாயில் வைத்து அமத்திக்கொண்டு, எஜமானிக்குக் கேட்காமல், அவளும் குரவை போட்டாள். துவாய்க்குள்ளிருந்து அந்தச் சத்தம் எப்படி வந்தது என்று எனக்கு எழுதத் தெரியவில்லை. அம்மம்மா பிள்ளைக்கு ஆலாத்தி எடுத்து முடித்தார். தட்டைக் கீழே வைக்கவில்லை. அப்படியே திரும்பி, போனுக்கும் மூன்று தடவை சுற்றினார். தன் மகளுக்கு.

அங்கே நின்ற யாருக்கும் அது புதுமையாகத் தெரியவில்லை. வளவில் நிற்க வேண்டிய ஒருத்தி நின்ற இடத்துக்கு ஆலாத்தி காட்டினார், அவ்வளவுதான்.

இப்போது உங்கள் அம்மம்மாவின் போன். வாங்கிக் கொடுங்கள் தங்கச்சி, யோசிக்க வேண்டாம். விலை கூடியது தேவையில்லை. திரை பெரிசாக இருக்கட்டும், சத்தம் நன்றாகக் கேட்கட்டும், சார்ஜ் நாள் முழுக்க நிற்கட்டும். ஆட்களின் பெயருக்குப் பதிலாக அவரவர் படத்தைப் போட்டுக் கொடுங்கள். முகத்தைத் தொட்டால் கோல் போக வேண்டும். குரல் பதிவு அனுப்பக் காட்டிக் கொடுங்கள், அவருக்கு அது இரண்டு நாளில் பிடிபடும். பேச்சுக்கு எழுத்து வேண்டியதில்லை. பூட்டு வேண்டுமென்றால் அவருடைய விரலிலேயே போடுங்கள். ரேகை பிடிக்காவிட்டால் அவர் மறக்காத ஒரு எண்ணை வையுங்கள், ஆனால் அதை அவரே அழுத்தப் பழக வேண்டும். மாதா மாதம் ரீலோட்டை, போனுக்குப் போடுகிற காசை, நீங்களே அங்கிருந்து போட்டுவிடுங்கள், அதற்காக அவர் பேரனிடம் போய் நிற்கக் கூடாது. வங்கிச் செய்தி வருகிற எண் அவருடையதாக இருந்தால் தொகையை ஒவ்வொரு தடவையும் நீங்கள் வாயால் அவருக்குச் சொல்லுங்கள். சார்ஜர் ஆணியை அவர் கட்டிலுக்குப் பக்கத்தில், அவர் கை எட்டுகிற உயரத்தில் அடியுங்கள்.

இன்னொன்று, நேரம். சுவிஸில் நீங்கள் வேலை முடிந்து ஏழு மணிக்கு எடுத்தால் குளிர்காலத்தில் இங்கே இரவு பதினொன்றரை. அப்படி எடுக்காதீர்கள். உங்கள் மத்தியானச் சாப்பாட்டு நேரம், 12 மணிக்கு எடுங்கள். குளிர்காலத்தில் இங்கே நாலரை, கோடையில் மூன்றரை. முற்றம் கூட்டி, முகம் கழுவி, தேத்தண்ணியோடு அவர் திண்ணைக்கு வந்து இருக்கிற நேரம் அது.